பெட்டி விழுங்கிய ஏழு

அவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வேலைக்குப் போகிற இடங்களில் யாரும் அதைக் கேட்டதில்லை. பேருந்து நிலையக் காவலாளி தொடங்கி ஆஸ்பத்திரி மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் பெட்டியக்கா. கடையில், வங்கியில், ரயில் நிலையத்தில் சுவர் உயரத்துக்குத் திரை ஒன்று தொங்குமே, விளம்பரமும் அறிவிப்பும் மாறி மாறி ஓடுமே, அதன் முதுகில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். எதைக் காட்டுவது, எப்போது காட்டுவது என்று திரைக்குச் சொல்லிக் கொடுப்பது அந்தப் பெட்டிதான். பெட்டி இல்லையென்றால் அவ்வளவு பெரிய திரையும் வெறும் கறுப்புக் கண்ணாடி. ஆனால் பெருமையெல்லாம் திரைக்கே போகும், பெட்டியை ஒரு ஜென்மமும் திரும்பிப் பார்க்காது.

அந்தப் பெட்டிகளுக்குள் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, மாட்டி, காய்ச்சல் வந்தால் பார்த்து வளர்ப்பது அவள் வேலை. நகரம் முழுக்க முந்நூற்றுப் பதினோரு பெட்டிகள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை “உயிரோடு இருக்கிறேன்” என்று அலுவலகத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும். மூன்று முறை தவறினால் அவள் கைபேசி துடிக்கும். மின்சாரம் சட்டென்று போனால், எழுதிக்கொண்டிருக்கிற மெமரி கார்டு பாழாகிவிடும் என்பதால் படிக்க மட்டும் முடிகிற மாதிரி கார்டைப் பூட்டி, புதுப் படங்கள் வந்து இறங்க மட்டும் ஒரு மூலையைத் திறந்து வைப்பாள். விடியற்காலையில் பெட்டிகள் தாமாகவே ஒரு முறை அணைந்து எழுந்துகொள்ளும். பல் தேய்த்து முகம் கழுவுகிற மாதிரி என்பாள்.

இத்தனைக்கும் மிஞ்சி அவளை வாட்டியது மனிதர்களின் அவசரம். பெட்டி எழுந்து படம் காட்ட நாற்பது விநாடி ஆகும். அதுவரை திரை கறுப்பாக இருக்கும். அந்த நாற்பது விநாடி பொறுக்காமல் பிளக்கைப் பிடுங்கி, மறுபடி செருகி, மறுபடி பிடுங்கி, நன்றாக இருந்த பெட்டியையும் நாசமாக்குவார்கள்.

“கறுப்பா இருந்தா செத்துப்போச்சுன்னு அர்த்தமில்லைங்க. உள்ள எந்திரிச்சுக்கிட்டு இருக்கு. கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க, அது போதும்” என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், கடைசியில் ‘பிளக்கைப் பிடுங்காதீர்கள்’ என்று அச்சடித்து ஒவ்வொரு திரைக்குக் கீழேயும் ஒட்டிவிட்டாள்.

அவள் கணவர் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். பிள்ளைகள் வைத்த பெயர் விசில் சார். கழுத்தில் விசில் இல்லாமல் அவர் குளிக்கப் போனதை மட்டும்தான் அவள் பார்த்திருக்கிறாள். குரலென்றால் அப்படி ஒரு குரல். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அவர் “ஒண்ணு” என்றால் அந்தக் கோடியில் கை தூக்குவார்கள். வாழ்க்கையில் பாதியை அவர் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணியே கழித்திருந்தார்.

புதுப் பெட்டியைச் சோதிக்க ஒரு வீடியோ வேண்டும். படம் தலைகீழாக வருகிறதா, இடம் வலமாக மாறிவிட்டதா, சத்தமும் உதடும் ஒட்டிப்போகிறதா, நடுவில் திக்குகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். மற்றவர்கள் வண்ணக் கோடுகளையும் பீப் ஒலியையும் வைத்துக்கொள்வார்கள். அவளுக்கு அது சப்பென்று இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் அவரைச் சமையலறைச் சுவரோரம் நிறுத்தி, “வலது கையில ஆரம்பிச்சு, விரல் விட்டுப் பத்து வரைக்கும் எண்ணுங்க” என்று கைபேசியில் படம் எடுத்தாள்.

அவரும் மார்பை நிமிர்த்திக்கொண்டு எண்ணினார். ஆறு சொல்லும்போது அடுப்பில் பால் பொங்கியது. கண் அந்தப் பக்கம் போய்விட்டது. இரண்டு விநாடி மௌனம். திரும்பி வந்தவர் இடது கையில் மூன்று விரலை நீட்டி “எட்டு” என்றார். அப்படியே ஒன்பது, பத்து. வேலை முடிந்தது.

அன்று தொடங்கிய சண்டை அது.

“என்னங்க, ஏழு எங்க?”

“சொன்னேனே.”

“சொல்லல. நீங்களே பாருங்க.”

அவர் பார்த்தார். மூன்று தடவை பார்த்தார். முகத்தில் ஒரு மயிரிழை கூட அசையவில்லை. “நான் ஏழு சொன்னேன். உன் பெட்டி முழுங்கிடுச்சு. இருபது வருஷமா எண்ணிக்கிட்டு இருக்கேன், எனக்கு ஏழு மறக்குமா?”

அவள் மறுபடி எடுக்கவில்லை. அந்தத் தப்பே சோதனைக்கு வசதியாகவும் இருந்தது. ஏழு தவிர வேறு எது குறைந்தாலும் பெட்டியின் குற்றம், ஏழு குறைந்தால் புருஷன் குற்றம். அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்த வீடியோவைக் கொடுத்துவிட்டு எல்லோரும் கமுக்கமாக இருப்பார்கள். அவளோடு வேலை செய்கிற தாடிக்காரன் சேர்ந்த புதிதில் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே காணாமல் போன வீடியோத் துண்டைத் தேடி அரை நாள் மல்லுக்கட்டியிருக்கிறான். வீட்டில் அந்த வழக்கு தீர்ப்பில்லாமல் ஓடியது. கல்யாண நாளன்று கூட அவர் தட்டில் பலகாரத்தை எண்ணி வைத்துவிட்டு, “ஏழு இருக்கு, சரியா பாத்துக்க. அப்புறம் பெட்டியில வச்சுட்டுக் காணோம்னு சொல்லாத” என்று சீண்டுவார்.

ஐந்து மாதங்களுக்கு முன், காலை உடற்பயிற்சியின் நடுவில், பிள்ளைகள் எல்லோரும் கையைத் தூக்கி அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தபோது, அவர் மைதானத்தில் சரிந்தார்.

அந்த நேரத்தில் அவள் ஆஸ்பத்திரிக்கான இருபத்து நான்கு பெட்டிகளுக்கும் தாய்க் கார்டு ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தாள். அந்த ஒரு கார்டைப் பார்த்துத்தான் மற்றவற்றை நகலெடுப்பார்கள். அது டோக்கன் எண்ணைக் காட்டி, குரலிலும் கூப்பிடுகிற திரைகளுக்கானது. இணைப்பு அறுந்தால் பழைய எண்ணே திரையில் நின்று ஆட்களைத் தவறான அறைக்கு அனுப்பிவிடக் கூடாது என்று, அவசரத்துக்கென கார்டில் ஒரு தனி அடைவு, அதாவது ஃபோல்டர், வைத்திருந்தாள். இணைப்பு போனால் அந்த அடைவில் இருப்பது மாறி மாறி ஓடும். ‘தயவுசெய்து கவுண்ட்டரில் கேளுங்கள்’ என்ற அறிவிப்பை அதில் போட்டுவிட்டு, சத்தம் வருகிறதா என்று பார்க்கத் தன் வழக்கமான வீடியோவையும் போட்டாள். அதை அழிக்க வேண்டும். கை விசைப்பலகையில் இருந்தபோது பள்ளியிலிருந்து போன் வந்தது. கார்டு கிடந்த இடத்திலேயே கிடக்க, செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

வேலை முடிந்துவிட்டதென்று நினைத்த தாடிக்காரன் அந்தக் கார்டை இருபத்து நான்காக நகலெடுத்து மாட்டிவிட்டான். இரண்டு நாள் கழித்து, அதே ஆஸ்பத்திரியின் வேறொரு மாடியில் அவள் கணவர் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று, “அக்கா, எல்லாம் ஓடுது. நீங்க பெட்டியப் பத்தி நெனைக்கவே நெனைக்காதீங்க” என்றான். அவளும் நினைக்கவில்லை.

பக்கவாதம் என்றார்கள். கால் திரும்பி வந்தது, லேசாக இழுத்து நடந்தார். வலது கை மெதுவாக வந்தது. சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது, பேப்பரில் கிரிக்கெட் ஸ்கோரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற அளவுக்குப் புரிந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. வாய் திறக்கும், கண் இறைஞ்சும், சொல் வராது.

அவர் தங்கைக்கு வாய் மூடாது. அண்ணன் வாயைத் திறந்தால் போதும், “தண்ணியாண்ணா? ஃபேனைக் குறைக்கணுமா? தலவாணி வேணுமா?” என்று கொட்டிவிடுவாள். குற்றம் சொல்லிப் பயனில்லை. பெட்டியக்காவும் அதையேதான் செய்தாள். அவர் தேடித் தேடித் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் தானே ஒரு சொல்லை எடுத்து நீட்டிவிடுவாள். அவர் கோபத்தோடு தலையாட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வார்.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒருநாள் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னாள்.

“அக்கா, அவர் வாயத் திறந்தா நீங்க மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அதுவரைக்கும் எதுவும் எடுத்துக் குடுக்காதீங்க.”

“பாக்க முடியலைம்மா.”

“தெரியுது. ஆனா ஒவ்வொரு தடவையும் நீங்க சொல்லி முடிச்சா, அவர் தேடறதையே விட்டுடுவார்.”

பெட்டியக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஊருக்கெல்லாம் நாற்பது விநாடி பொறுமை போதித்தவள் வீட்டில் ஐந்து மாதமாகப் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். பேச்சு போனவர்களுக்குக் கிழமைகள், எண்கள் இப்படி வரிசையாகச் சொல்லிப் பழகியவை முதலில் திரும்பும், எண்ண வைத்தால் நல்லது. அங்கேதான் வந்தது வினை. அவள் “ஒண்ணு, ரெண்டு, கூடச் சொல்லுங்க சார்” என்று தொடங்கியதும் விசில் சார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஊரையே எண்ண வைத்த மனிதர், குழந்தையைப் போல ஒன்று இரண்டு பழகுவதா? யார் தலைகீழாக நின்றும் அவர் மசியவில்லை. போன வாரம், கையை ஆட்டி, கதவைக் காட்டி, போதும் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். பெட்டியக்கா கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரே ஒரு தடவைக்குச் சம்மதிக்க வைத்திருந்தாள். அப்போதும் வாய் திறக்கவில்லையென்றால் இனி வர மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். இனி வர மாட்டார் என்றால், இனிப் பேசவும் மாட்டார்.

அந்தப் பழைய வீடியோவை அவரிடம் காட்டலாமா என்று பலமுறை நினைத்தாள். துணிச்சல் வரவில்லை. விறைத்து நின்று உரக்க எண்ணுகிற தன்னையே பார்த்தால் மிச்சமிருக்கிற தைரியமும் போய்விடுமோ என்று பயந்தாள். அலுவலகத்திலும் அதைத் தொடுவதை விட்டு வண்ணக் கோடுகளுக்கு மாறியிருந்தாள். தாடிக்காரன் கவனித்தான், கேட்கவில்லை. அவள் மட்டும் சில நாட்களில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, கைபேசியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்பாள். அந்தக் குரலில் ஒரு திட்டு கிடைத்தால் கூடப் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அந்தக் கடைசித் தடவைக்காக அன்று காலை மூவரும் ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர், அவர் தங்கை, அவள். டோக்கன் பன்னிரண்டு. கூடத்தில் நான்கு திரைகள், ஒன்று அவருக்கு நேர் எதிரே. ஒன்பது மணிக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன, யாரையும் கூப்பிடத் தொடங்கவில்லை. வெளியே தெருவில் யாரோ பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. சட்டென்று கவுண்ட்டரில் கணினிகளின் முன்னால் இருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள்.

“நெட் போச்சு.”

எதிர்த் திரை ஒரு கணம் கறுத்து, ‘தயவுசெய்து கவுண்ட்டரில் கேளுங்கள்’ என்று காட்டியது. பள்ளத்தில் கேபிளை வெட்டிவிட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. நான் செய்தது சரியாக வேலை செய்கிறது பார் என்று ஒரு சின்னத் திருப்தி கூட வந்தது. அந்தத் திருப்திக்கு ஆயுள் பத்து விநாடி.

அறிவிப்பு மறைந்து, சமையலறைச் சுவர் வந்தது. சுவருக்கு முன்னால், கழுத்தில் விசிலோடு, மார்பை நிமிர்த்திக்கொண்டு விசில் சார்.

“ஒண்ணு!”

நான்கு திரைகளும் சேர்ந்து முழங்கின. மாடிகளிலெல்லாம் சேர்த்து இருபத்து நான்கும் முழங்கியிருக்கும். முதல் வரிசையில் குழந்தையோடு இருந்த பெண் டோக்கனைப் பார்த்துவிட்டு அவசரமாக எழுந்தாள். “ரெண்டு!” ஒரு பெரியவர் எழுந்தார். “மூணு! நாலு! அஞ்சு!” டாக்டர் அறை வாசலில் சரசரவென்று வரிசை கூடிவிட்டது. “யாருங்க இது, புது டாக்டரா? என்ன வேகமாக் கூப்பிடறார்!” என்றது ஒரு குரல். “ஆறு!” பிறகு அந்த மௌனம். “எட்டு! ஒம்போது! பத்து!”

பெட்டியக்கா சட்டென்று எழுந்தாள். திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

“இதென்ன அக்கிரமம்!” என்று கத்தினார் ஒருவர். கழுத்தில் கெட்டியான பட்டை போட்டிருந்ததால் தலையைத் திருப்ப முடியாமல், உடம்பு முழுவதையும் கதவு திறக்கிற மாதிரி திருப்பினார். “ஆறு கூப்பிட்டாச்சு, எட்டு கூப்பிட்டாச்சு, ஏழு என்ன பாவம் பண்ணுச்சு? நான் ஏழரை மணிக்கே வந்து வாங்கின டோக்கன்!”

மறுபடி அறிவிப்பு. பத்து விநாடி. கைபேசி வழியாக உள்ளே போய் நிறுத்தலாம் என்றால் பெட்டிகளுக்கு இணைப்பே இல்லை. அவர் பார்க்கிற திரையையாவது அணைக்க ஒரே வழிதான் இருந்தது. காலி நாற்காலியை இழுத்து எதிர்த் திரைக்குக் கீழே போட்டு ஏறினாள். நேர் எதிரே, ‘பிளக்கைப் பிடுங்காதீர்கள்’. அவள் ஒட்டியதுதான்.

“ஒண்ணு!” அவள் தலைக்கு மேலேயே அவர் மறுபடி தொடங்கினார்.

நாத்தனார் பதறிப்போய் அண்ணன் கண்ணைப் பொத்தினாள். “பாக்காதீங்கண்ணா, வேணாம்...” அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். வலது கையால், மெதுவாக வருகிற அந்தக் கையால் தட்டிவிட்டார்.

பெட்டியக்கா திரைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். “மூணு!” பிளக் விரலில் பட்டது. “நாலு!” இழுக்கப் போனவள், தோளுக்கு மேலாக ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நாத்தனார் எதையோ எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தாள். “சும்மா இரு!” என்று பெட்டியக்கா நாற்காலி மேலிருந்து போட்ட அதட்டலில் கூடமே அடங்கியது.

“அஞ்சு!”

கழுத்துப்பட்டைக்காரர் வாசலைப் பார்த்து, ஓட்டப்பந்தயத்துக்கு நிற்பவர் போலத் தயாராக நின்றார்.

“ஆறு!”

திரையில் அவர் கண் அடுப்பின் பக்கம் போயிற்று. மௌனம். பிளக்கைப் பிடித்த கையோடு பெட்டியக்கா மனதுக்குள் எண்ணக் கூட மறந்து நின்றாள்.

“ஏ...ழு.”

குரல் கரகரவென்று, துருப்பிடித்த கதவு மாதிரி வந்தது. ஆனால் வந்தது. திரையிலிருந்து வரவில்லை, நாற்காலியிலிருந்து வந்தது.

“எட்டு!” என்றது திரை. ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கணக்கு சரியாக இருந்தது.

“அப்பாடா, கூப்பிட்டாங்கப்பா!” என்ற கழுத்துப்பட்டைக்காரர், யார் கூப்பிட்டது என்று திரும்பிப் பார்க்க வழியில்லாததால், டோக்கனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டார்.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெட்டியக்காவுக்கும் கண் மறைத்தது. அழுகையை அடக்க அவள் முயலவே இல்லை. கண்ணீருக்கிடையே பார்த்தாள், விசில் சார் மெல்ல எழுந்து நிற்கிறார். காலை இழுத்துக்கொண்டு நான்கடி வைத்து நாற்காலி அருகே வந்தார். வலது கையைத் தூக்கி, ஒரு விரலை நீட்டித் திரைக்குப் பின்னால் ஒட்டியிருந்த பெட்டியைக் காட்டினார். பிறகு தன் வாயைக் காட்டினார். பிறகு மறுபடி பெட்டியை. முகத்தில் அதே பழைய விறைப்பு, ஆறு வருட வழக்கில் தீர்ப்பு தன் பக்கம் வந்தாக வேண்டும் என்கிற அதே பிடிவாதம்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த அறிக்கையில், சோதனை வீடியோவை அழிக்காமல் விட்டது தன் தவறு, பெட்டிகளில் எந்தக் குறையும் இல்லை என்று அவள் ஒளிக்காமல் எழுதினாள். ஆனால் அப்போது, பிளக்கை விட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும்போது, கூடமே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“ஆமாங்க. நீங்க சொன்னீங்க. பெட்டிதான் முழுங்கிடுச்சு.”